செக்குபந்தி கவிதை படித்த கதை

செஞ்சிக் கோட்டையின் வாசலில் செக்குபந்தியை மட்டும் உட்கார வைத்திருந்தால், அந்தக் கோட்டை இன்றுவரை யார் கைக்கும் மாறியிருக்காது. பீரங்கியும் அகழியும் தேவைப்பட்டிருக்காது. படையோடு வந்தவனை நிறுத்தி, “மூலப் பத்திரம் கொண்டாந்திருக்கியா?” என்று கேட்டிருப்பார். அவன் திருதிருவென்று விழித்தால், “போயி நகல் எடுத்துக்கினு வா, சாப்பாட்டுக்கு அப்பறம் பாக்கலாம்” என்று அனுப்பியிருப்பார். வந்தவன் வெறுத்துப்போய் வேறு கோட்டையைத் தேடிக்கொண்டு போயிருப்பான்.

அவர் பத்திரம் எழுதுபவர். பத்திர ஆபீசுக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, வருகிறவர்களுக்கு ஒரு பெஞ்சு. அதை ஒட்டி என் டிடிபி கடை. அவர் கையால் எழுதித் தருவதை நான் கம்ப்யூட்டரில் அடித்துத் தருவேன். பதினோரு வருஷம் இப்படியே ஓடியது. அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கேட்டால் செஞ்சியில் ஒருவரும் வழிகாட்ட மாட்டார்கள். செக்குபந்தி என்பது பத்திரத்தில் எழுதும் நான்கு பக்க எல்லை. இன்னார் நிலத்துக்கு வடக்கு, இன்னார் வரப்புக்குத் தெற்கு என்று போகும். மனிதர் நிலத்தோடு விடாமல் சகலத்துக்கும் நாலெல்லை கேட்டதால் வந்த பெயர் அது.

டீ கிளாஸை மேஜையில் வைக்கும்போதுகூட, “ஸ்டாம்பு பேடுக்குக் கிழக்கு, கண்ணாடிக் கூட்டுக்கு வடக்கு” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டுதான் வைப்பார். எழுந்துபோய்த் திரும்பி வரும்போது கிளாஸ் ஒரு விரல் நகர்ந்திருந்தால் அந்த டீயைத் தொட மாட்டார்.

“யாரோ தொட்டிருக்கான்.”

“காத்துல நகந்திருக்கும்ண்ணா.”

“காத்துக்கு என் டீ மேல இன்னா வேல?”

இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பழகாத ஒன்று உண்டு. பத்திரத்துக்கு இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும். ஆள் குறைந்தால் பக்கத்துக் கடைக்காரனைக் கூப்பிட்டுப் போடச் சொல்வது எங்கும் உள்ள வழக்கம். செக்குபந்தி என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. டீக்கடைக்காரர் போட்டிருக்கிறார். தெருவில் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டு போனவர் போட்டிருக்கிறார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் நானே பேனாவோடு எழுந்து போனேன்.

“நீ உக்காரு டைப்பு” என்றார். டைப்பு என்பது அவர் எனக்கு வைத்த பெயர். “சாட்சின்னா ஆளத் தெரிஞ்சிருக்கணும்.”

“தினமும் பக்கத்துலயே உக்காந்திருக்கேனேண்ணா.”

“பாத்துக்கினுதான் இருக்கேன். இன்னும் முழுசா தெரில.”

வெள்ளரிக்காய்க்காரரை எப்படி முழுசாகத் தெரிந்தது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், அது எனக்கு ரொம்ப நாள் வலித்தது.

அவருக்கு ஒரே மகள், கலைச்செல்வி. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. ஒரு வைகாசி மாதக் காலையில் அவள் அப்பாவிடம் நேராகவே சொல்லிவிட்டாள். அனந்தபுரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் முரளியை அவளுக்குப் பிடித்திருக்கிறது, அவனுக்கும் அவளைப் பிடித்திருக்கிறது.

செக்குபந்தி கேட்ட முதல் கேள்வி, “எழுத்துல இருக்குதா?”

வேறு பெண்ணாக இருந்தால் அழுதிருப்பாள். இவள் அவர் மகள். உள்ளே போய் ஒரு ஃபைலோடு வந்தாள். அதில் முரளி அவளுக்குத் தந்த ஐந்து கவிதைகள் இருந்தன.

“நகல் உனக்கு நைனா. ஒரிஜினல் எங்கிட்ட இருக்கட்டும். ஆடி முடியறவரைக்கும் நீ இன்னா வேணா விசாரிச்சுக்க. அதுக்கப்பறம் சரின்னு சொல்லு. இல்லன்னா ஏன் வேணாம்னு எழுத்துல குடு. நீ சரின்னு சொல்லாம நான் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன். ஆனா வேற யாரையும் பண்ணிக்கவும் மாட்டேன்.”

அந்த ஐந்து தாள்களையும் செக்குபந்தி அன்றைக்கே என் மேஜையில் கொண்டுவந்து பரப்பினார். “படி” என்றார். முதல் வரியைப் படித்தேன். மற்ற நான்கையும் புரட்டினேன்.

ஐந்தும் நான் எழுதியவை.

இந்த இடத்தில் என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன். பங்குனியில் முரளி பில் புத்தகம் அடிக்க என் கடைக்கு வந்தான். கம்ப்யூட்டரில் நான் எழுதிவைத்திருந்த வெண்பா ஒன்றைப் பார்த்துவிட்டு, “இது மாதிரி எனக்கு ஒண்ணு எழுதித் தர்றீங்களா?” என்றான். அதுவரை என் கவிதையை யாரும் கேட்டு வாங்கியதில்லை. கொடுத்தாலும் வாங்கியதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்று கேட்டவனுக்கு ஐந்து கொடுத்தேன். யாருக்கு என்று மட்டும் கேட்க மறந்துவிட்டேன். அவனும் அவற்றைத் தன் கையெழுத்தில் அழகாக எழுதி, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான்.

“இன்னா டைப்பு, முகம் வேர்க்குது?”

“கரண்ட் இல்லண்ணா.”

“ஃபேன் சுத்துதே.”

நல்லவேளையாக அவர் அதை அதற்குமேல் நோண்டவில்லை. பென்சிலை எடுத்துத் தாளுக்குள் இறங்கிவிட்டார். “உன்விழி என்வானம்னு போட்டிருக்கான். வானத்துக்கு ஏது சர்வே நம்பர்? இங்க பாரு, ‘ஆகவே என்னுயிர் உன்வசம் ஆனதே’. எப்பிடி ஆச்சு? தானமா, கிரயமா, உயிலா? ஏழு ஜென்மம்னு வேற போட்டிருக்கான். ஏழுல இது எத்தினியாவது?”

“கவிதையில அப்பிடித்தாண்ணா எழுதுவாங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அதான் விஷயம். இந்த பாஷை நம்மளுக்குத் தெரியல. தெரியாத பாஷையில எழுதுன பத்திரத்த நம்பி எவனாவது பொண்ணு குடுப்பானா?”

அந்த வாரமே கவிதை கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தார். நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் யாப்பும் அணியும் சொல்லித்தருவதாக ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அந்த நோட்டீஸை அடித்துக் கொடுத்தவனும் நான்தான். என்னையும் வரச் சொன்னார். “தனியாப் போக மாட்டேன். அங்க இன்னா நடந்துதுன்னு நாளைக்கு சொல்றதுக்கு ரெண்டு பேரு வேணும்” என்றார்.

வகுப்பெடுத்தவர் ஷகிலா டீச்சர். கல்லூரியில் தமிழ் நடத்துகிறவர். அவருடைய குடும்பம் பல தலைமுறைகளாகச் செஞ்சியில் ஜவுளிக்கடை வைத்திருப்பது. பொறுமையான மனுஷி. அந்தப் பொறுமை எத்தனை முழம் என்று செக்குபந்தி அளந்துவிட்டார்.

முதல் வகுப்பு உவமை. நிலா போன்ற முகம் என்று டீச்சர் உதாரணம் சொன்னார். செக்குபந்தி யோசித்துவிட்டுத் தலையாட்டினார். “போன்ற-ன்னு போட்டுட்டாங்க. அப்ப நிலா இல்லன்னு ஒத்துக்கறாங்க. நியாயமான எழுத்து.”

அடுத்த ஞாயிறு உருவகம். முக நிலா என்று டீச்சர் பலகையில் எழுதியதும் செக்குபந்தி எழுந்துவிட்டார்.

“டீச்சரம்மா, போன வாரம் இருந்த ‘போன்ற’ எங்க?”

“உருவகத்துல அது மறைஞ்சிடும் சார்.”

“யாரு மறைச்சாங்க?”

“கவிஞர்தான் சார்.”

“ஒரு வார்த்தைய எடுத்தா ஓரத்துல கையெழுத்துப் போடணுமே. போட்டாரா?”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அதற்கடுத்த வாரம் டீச்சர் சொன்னது இது: ஒருத்தி ஊரைவிட்டுப் போன அன்று பெய்த மழையை, அவளுக்காக வானம் அழுதது என்று கவிஞர் சொன்னால் அது தற்குறிப்பேற்ற அணி. தானாக நடப்பதன்மேல் கவிஞர் தன் கருத்தை ஏற்றிச் சொல்வது. “வானத்துல தானா பெஞ்ச மழைக்குத் தன் பேருல பட்டா வாங்கறாரு” என்று செக்குபந்தி நோட்டில் குறித்துக்கொண்டார். உள்ளதை மிகைப்படுத்திச் சொன்னால் உயர்வு நவிற்சி என்றதும், “பொய்யின்னு தெரிஞ்சே எழுதறாங்க, அதுக்குப் பேரும் வெச்சிருக்காங்க” என்றார். கேட்கிறவருக்கும் அது மிகை என்று தெரியும் என்று டீச்சர் விளக்கினார். செக்குபந்தி கொஞ்சம் இறங்கி வந்தார். “ரெண்டு பார்ட்டிக்கும் தெரிஞ்சா செல்லும்.”

அன்றைய கடைசியில் டீச்சர் இன்னொன்றும் சொன்னார். எதையும் கூட்டாமல் குறைக்காமல், உள்ளதை உள்ளபடி அழகாகச் சொன்னால் அதுவும் ஓர் அணிதான், அதற்கு இயல்பு நவிற்சி என்று பெயர். செக்குபந்தி பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். “உள்ளத உள்ளபடி எழுதுனா அது கிரயப் பத்திரம். அத எந்தக் கவிஞர் எழுதறாரு, சும்மா சொல்லாதீங்க டீச்சரம்மா.”

யாப்புக்கு வந்தபோதுதான் மனிதர் வசமாக மாட்டிக்கொண்டார். சொற்களை நேர், நிரை என்று அசையாகப் பிரிப்பது, அசைகளைச் சேர்த்துத் தேமா, கூவிளம், கருவிளங்காய் என்று சீராக்குவது, ஒரு சீர் அடுத்த சீரோடு பொருந்துகிறதா என்று தளை பார்ப்பது எல்லாமே அவருக்குச் சங்கிலி போட்டு நிலம் அளப்பதுபோல இருந்தது. பார்த்ததையெல்லாம் அளக்க ஆரம்பித்தார். ரேஷன் கடைப் பலகையை அளந்தார். பஸ்ஸின் நெற்றியில் எழுதிய ஊர்ப்பெயரை அளந்துகொண்டே நின்று பஸ்ஸைத் தவறவிட்டார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜாதகம் கொண்டுவந்தவர்போல டீச்சரிடம் ரகசியமாகக் கேட்டார்.

“செஞ்சி, தேமா. அனந்தபுரம், கருவிளங்காய். ரெண்டும் ஒட்டாது இல்ல?”

டீச்சர் விரல்விட்டுப் பார்த்தார். “மாவுக்குப் பின்னாடி நிரை வருது. நல்லா ஒட்டுது சார்.”

“அனந்தபுரத்த முன்னாடி போட்டா?”

“காய்க்குப் பின்னாடி நேர். அப்பவும் வெண்டளைதான், ஒட்டும் சார்.”

செக்குபந்தி முகம் வாடிவிட்டது. இலக்கணமும் மாப்பிள்ளை பக்கம் சேர்ந்துகொண்டதில் அவருக்கு வருத்தம்.

ஆடி பிறந்தது. அவர் அந்த ஐந்து கவிதைகளையும் அசை அசையாகப் பிரித்து முடித்துவிட்டு, என் கடைக்குள் வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

“டைப்பு, ஒரு இடத்துலகூடத் தளை தட்டல.”

எனக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. என் கவிதையை யாரும் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. “அப்ப நல்ல கவிதைதானண்ணா?” என்றேன்.

“மோசடி” என்றார். “ஒரு ஆளு அஞ்சு தபா கையெழுத்துப் போட்டா அஞ்சும் அஞ்சு மாதிரி இருக்கும். கொஞ்சம் ஏறும், கொஞ்சம் எறங்கும். அஞ்சும் அச்சா ஒண்ணுபோல இருந்தா, அது ஒரிஜினல வெச்சி மேல வரைஞ்சது. முப்பது வருஷமா பாக்கறேன். இது அந்தப் பையன் எழுதுனது இல்ல. நடுவுல ஒருத்தன் இருக்கான்.”

அதன் பிறகு பத்து நாட்கள் நான் சோறு தின்றேனா என்பதே ஞாபகமில்லை. செக்குபந்தி ஊரில் எழுதத் தெரிந்த அத்தனை பேரையும் சந்தேகப் பட்டியலில் ஏற்றினார். கல்யாண வீடுகளில் வாழ்த்துப்பா வாசிக்கும் உரக்கடைக்காரரிடம் போய், “நீ அனந்தபுரம் போவியா?” என்று கேட்டார். அவர் மாமனார் ஊரே அனந்தபுரம். ஒருவாரம் செக்குபந்தி அவர் பின்னாலேயே நடந்தார். ஷகிலா டீச்சர் எழுதிய கவிதையைக்கூட வாங்கி வைத்து ஒப்பிட்டார். தினமும் சாயங்காலம் பட்டியலை என்னிடம் காட்டி, “இன்னும் யாரு விட்டுப்போச்சு?” என்பார். நானும் இரண்டு பெயர் சேர்த்துக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

கடைசியில் முரளியையே வரச் சொல்லிவிட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை பகலில், கிரீஸ் கறை போகாத கைகளோடு அவன் அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். செக்குபந்தி ஒரு வெள்ளைத்தாளை மேஜையில் வைத்துப் பேனாவை நீட்டினார்.

“என் பொண்ணுக்கு ஒரு கவித எழுது. இங்கியே, எம் முன்னாடி.”

முரளி என் கடைப்பக்கம் பார்த்தான். நான் பிரிண்டருக்குள் தலையை விட்டுக்கொண்டேன். கால் மணி நேரம் அவன் தாளையே பார்த்தான். பிறகு எழுதினான். எழுதியதை செக்குபந்தி சத்தமாகப் படித்தார்.

“கலை, உங்கள் வீட்டு மோட்டார் மூன்று முறை எரிந்தது.
மூன்று முறையும் நான்தான் காயில் கட்டினேன்.
மூன்றாவது முறை இனி எரியாதபடி கட்டிவிட்டேன்.
அதிலிருந்து உன்னைப் பார்க்க வருவதற்கு
எனக்கு ஒரு காரணமும் இல்லை.”

பிரிண்டருக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தேன். இத்தனை வெண்பா எழுதியும் நான் இப்படி ஒரு வரி எழுதியதில்லை.

செக்குபந்தி தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். “அப்ப மொதல் ரெண்டு தபா வேணும்னே சுமாரா கட்டுனியா?”

“இல்ல சார். லோ வோல்டேஜ். நீங்க வேணா லைன்மேன கேளுங்க.”

அவர் கேட்டார். லைன்மேனைக் கேட்டார், பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்டார், வீட்டில் மனைவியைக் கேட்டார். மோட்டார் எரிந்தது மூன்று முறைதான். மூன்றாவது முறை கட்டிய பிறகு ஒருநாளும் நின்றதில்லை. கவிதையில் சொன்னதெல்லாம் நாலு பக்கமும் சரியாக இருந்தது. அந்த ஞாயிறு அதைக் கொண்டுபோய் ஷகிலா டீச்சரிடம் கொடுத்தார்.

“இதுல இன்னா அணி இருக்குது டீச்சரம்மா?”

டீச்சர் ஒருமுறை படித்தார். மறுபடி படித்தார். “இயல்பு நவிற்சி சார். அன்னைக்கு நீங்க நம்பலியே, அதுதான்.”

“தளை?”

“தட்டுது.”

“எத்தினி எடத்துல?”

“அளந்தா, வரிக்கு வரி தட்டும் சார்.”

செக்குபந்தி அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒரிஜினலை மட்டும்தான் அவர் அந்தப் பையில் வைப்பார்.

நூலகத்திலிருந்து நடந்து வந்தோம். பஸ் ஸ்டாண்டு அருகே செக்குபந்தி, வெயிலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

“அந்த அஞ்சும் நீ எழுதுனது.”

என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

“லவ் பண்றவன் எவனாவது ‘ஆகவே’ன்னு எழுதுவானா? அஞ்சுலயும் ஒரு ‘ஆகவே’ இருக்குது. நீ வாடகை ஒப்பந்தம் அடிச்சாலே நான் எழுதாத ‘ஆகவே’ நாலு உள்ள வந்துடும். கூவிளம் வேணும்னா உனக்கு அதான் கெடைக்கும் போல.”

“எப்பண்ணா தெரியும்?”

“அசை பிரிக்கக் கத்துக்கினப்பவே.”

“அப்ப அந்த உரக்கடைக்காரரு, அந்தப் பட்டியலு எல்லாம்?”

“நீயா வாயத் தொறப்பியான்னு பாத்தேன். நீ ரெண்டு பேர சேத்துவிட்ட.”

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மறுநாள் பத்திரங்களை அடிக்கக் கொடுத்தார், வாங்கிக்கொண்டார், ஒரு வார்த்தை கிடையாது. ஆடியின் கடைசி நாளில் கலையிடம் சரி என்று சொல்லிவிட்டார் என்பதையே டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வெள்ளரிக்காய்க்காரருக்குக்கூட என்னைவிட முன்னால் தெரிந்திருந்தது. கடையைக் காலி செய்துவிட்டு வேறு ஊர் பார்க்கலாமா என்று தீவிரமாக யோசித்தேன். அவர் நம்பாவிட்டால் போகிறது என்று இருக்க என்னால் முடியவில்லை.

ஆவணியில் கல்யாணம். பதிவுசெய்ய எதிரே உள்ள ஆபீசுக்கே வந்தார்கள். கலை பட்டுப்புடவையில், முரளி தேய்த்துத் தேய்த்து வெளுத்த கைகளோடு. நான் கடைக்குள்ளிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். செக்குபந்தி மனுவை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து என்னிடம் வந்தார். அடிக்க ஏதோ பாக்கி போலிருக்கிறது என்று கீபோர்டை இழுத்தேன். அவர் பேனாவை நீட்டினார். சாட்சி என்ற இடத்தில் என் முழுப்பெயரை அவர் கையாலேயே எழுதியிருந்தார்.

“ஆதார் எடுத்தாரட்டாண்ணா?” என்றேன்.

“ஆபீசுக்குக் குடு. எனக்கு வேணாம். உன்ன எனக்குத் தெரியும்.”

பேனாவை வாங்கிப் போட்டேன். கையெழுத்து கோட்டை விட்டிறங்கி, கடைசி எழுத்து எங்கோ போய் நின்றது. “கோணிக்கினு போச்சுண்ணா, வேற ஃபாரம் எடுக்கலாமா?” என்றேன். அவர் கண்ணாடியை உயர்த்தி அதை நாலு பக்கமும் பார்த்தார்.

“வேணாம். ஒரிஜினல்தான்” என்றார்.

இப்போது நான் பிழைப்புக்காகச் சென்னையில் இருக்கிறேன். இங்கே ஆதார் இல்லாமல் என்னைத் தெரியும் என்று சொல்ல ஆளில்லை. இந்தக் கதை வரும் பத்திரிகையை செக்குபந்தி வாரம் தவறாமல் வாங்குவார். பென்சிலோடு உட்கார்ந்து என் பழைய வார்த்தை எங்கே இருக்கிறது என்று தேடுவார் என்றும் தெரியும். என் வாக்கியத்தில் அது வந்துவிடாமல் இவ்வளவு தூரம் காப்பாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அண்ணா, உங்களைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. ஆகவே எழுதினேன்.